தெரிந்தே அஞ்சுதல்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், அச்சத்தை அவற்றுள் ஐந்தாவதாக வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. மனிதனை மீறி நிற்கும் ஆற்றல், எதிர்ப்படும் மிருகம், இருட்டில் வரும் திருடன், நம்மைத் தண்டிக்கும் அதிகாரம் படைத்தவர் என்று இன்றைய பேச்சில் சொல்லலாம். இவற்றில் முதல் இரண்டும் மேடைக்கு எளிதில் வசப்படுவதில்லை. பேய் வேடம் முன்வரிசைக்கு வேடமாகத்தான் தெரியும். புலியைக் கொண்டுவரவே முடியாது. பின்னிரண்டும் அப்படியல்ல. கள்வனும் இறையும் மனிதர்கள். ஒரு கதவு, இரண்டு நாற்காலி, தணிந்த விளக்கு போதும், அவர்கள் வந்துவிடுவார்கள். இருண்ட, திகில் நிறைந்த நாடகங்களை எழுதுவதில் ஆர்வம் கொண்ட அமெச்சூர் நாடக ஆசிரியர்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அந்த ஆர்வத்தைப் பலர் பொழுதுபோக்கு என்றும், சிலர் சற்றே கோணலான மனப்போக்கு என்றும் நினைக்கிறார்கள். இரண்டையும் நான் மறுக்கிறேன். திகில் நாடகம் மிகக் கண்டிப்பான ஒரு கலைவடிவம். அதன் உயிர், ரகசியத்தை மறைப்பதில் இல்லை, ரகசியத்தை முன்கூட்டியே பார்வையாளரிடம் ஒப்படைப்பதில் இருக்கிறது. இதை உணர்ந்து எழுதும் அமெச்சூருக்கு அவருடைய வசதிக்குறைவே பெரிய துணையாகிறது.

அமெச்சூர் என்று நான் சொல்வது திறமை குறைந்தவரை அல்ல. வீட்டில் அடுப்பு எரிவது ஒரு வேலையால், இரவில் விளக்கு எரிவது நாடகத்தால் என்று வாழ்ந்தவர்களைச் சொல்கிறேன். தமிழில் இந்த வரிசையைத் தொடங்கி வைத்தவர் பம்மல் சம்பந்த முதலியார். பெல்லாரியிலிருந்து வந்த சரச விநோதினி சபையின் நாடகங்களைப் பார்த்த ஊக்கத்தில் 1891-ல் அவரும் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். அவர் வழக்கறிஞர், பின்னாளில் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதி. அந்த வேலைகளுக்கு நடுவே தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். ஷேக்ஸ்பியரிடமிருந்து அவர் எடுத்துவந்தவற்றில், கொலையும் குற்றவுணர்வும் நிறைந்த ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆயிற்று. மாக்பெத் 'மகபதி' ஆயிற்று. பாரிஸில் ஆந்த்ரே த லோர்த் என்பவர் ஆர்சனல் நூலகத்தில் நூலகராக இருந்துகொண்டே, கிராண்ட் கின்யோல் என்ற சிறிய அரங்குக்காகப் பயங்கர நாடகங்களை ஏராளமாக எழுதினார். சென்னையில் கே. பாலசந்தர், ஏஜீஸ் ஆபீஸ் என்று நாம் சொல்லும் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணியாற்றியபடியே 'மேஜர் சந்திரகாந்த்', 'நீர்க்குமிழி' போன்ற நாடகங்களை எழுதி மேடையேற்றினார். நீதிமன்றம், நூலகம், கணக்கு அலுவலகம் ஆகிய மூன்றும் எதை எங்கே வைத்தோம் என்று மறக்கக்கூடாத இடங்கள். திகில் நாடகம் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எனக்குத் தோன்றவில்லை.

திகில் என்றால் மறைப்பது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. யார் கொன்றார் என்று கடைசிப் பக்கம்வரை தெரியக்கூடாது என்பதையே இலக்கணமாகக் கொள்கிறோம். ஆனால் தமிழின் மிகப் பெரிய கொலைக்கதை அப்படி எழுதப்படவில்லை. சிலப்பதிகாரத்தின் பதிகமே கதை முழுவதையும் முன்னால் வைத்துவிடுகிறது. கோவலன் வெட்டுண்டு விழும் காதைக்குக் கொலைக்களக் காதை என்றே பெயர். பொற்கொல்லன் முகம்மலர்ந்து பேசுகிறபோது அவன்தான் அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று நமக்குச் சொல்லப்படுகிறது, கோவலனுக்குத் தெரியாது. அவன் காட்டும் மரியாதை ஒவ்வொன்றும் நம் நெஞ்சில் கல்லாக விழுகிறது. தெருக்கூத்தில் கர்ண மோட்சம் பார்க்க வருகிற ஊர்மக்களில் கர்ணன் சாகப்போவதை அறியாதவர் ஒருவரும் இல்லை. இருந்தும் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பிடித்து வைத்திருப்பது, அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வியல்ல. நடக்கப்போவது தெரிந்தும் தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை. மேற்கிலும் இதற்குச் சான்று உண்டு. பாட்ரிக் ஹாமில்டனின் 'ரோப்' 1929-ல் லண்டனில் மேடையேறியது. இரண்டு இளைஞர்கள் தங்களைப் போன்ற ஒரு மாணவனைக் கொன்று பெட்டிக்குள் கிடத்துவதில் நாடகம் தொடங்குகிறது; பிறகு அந்தப் பெட்டியின் மேலேயே விருந்தைப் பரப்பி, இறந்தவனின் தந்தையையும் அழைத்து உபசரிக்கிறார்கள். கொன்றவர் யார், பிணம் எங்கே, ஏன் கொன்றார்கள் என்பதெல்லாம் முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பின்தான் பயமே ஆரம்பமாகிறது.

பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' இந்த உத்தியை இன்னும் ஒரு படி உயர்த்தியது என்பது என் துணிபு. தங்கையை ஏமாற்றிக் கைவிட்டவனைக் கொன்றுவிட்டு ஓடிவரும் ஒருவன், கண்பார்வை இழந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் புகலிடம் கேட்கிறான். அவன் கதையைக் கேட்டு, நெஞ்சிரங்கி, மேஜர் இடம் தருகிறார். கொலையுண்டவன் அவருடைய இளைய மகன். மூத்த மகனோ குற்றவாளியைத் தேடும் போலீஸ் அதிகாரி. தொல்காப்பியர் சொன்ன கள்வரும் இறையும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நடுவே உண்மையைப் பார்க்க முடியாத ஒரு தகப்பன். மேஜரின் பார்வையின்மை இங்கே இரக்கத்தைக் கூட்டுவதற்காக ஒட்டப்பட்ட அலங்காரமல்ல. நாடகத்தின் அச்சாணியே அதுதான். அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் தெரிவது ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை. அந்த ஒருவர்தான் அதிகம் இழந்திருப்பவர். அவர் கனிவாகப் பேசும் ஒவ்வொரு சொல்லும் நமக்கு நேர் எதிர்ப் பொருளில் கேட்கிறது. ஒரே வசனத்தை மேடையில் இருப்பவர் ஒரு விதமாகவும் அரங்கம் வேறு விதமாகவும் கேட்க வைப்பதுதான் இந்த வடிவத்தின் முழு ரகசியம். இந்த நாடகம் 1965-லேயே இந்தியில் 'ஊஞ்சே லோக்' என்ற படமாகிவிட்டது. தமிழ்ப் படம் 1966-ல் வந்தது. மேஜராக நடித்த சுந்தரராஜனின் பெயரோடு அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டதும், கொலையுண்ட மகனின் பெயரான ரஜினிகாந்த்தைப் பாலசந்தர் பின்னாளில் ஒரு புதிய நடிகருக்குச் சூட்டியதும் நீங்கள் அறிந்தவை. அலுவலகம் முடிந்து எழுதப்பட்ட ஒரு நாடகத்தின் நிழல் எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்று பாருங்கள்.

திகிலுக்குக் கொலையும் கட்டாயமில்லை. 'நீர்க்குமிழி' ஒரு மருத்துவமனையில் நடக்கிறது. 1965-ல் பாலசந்தர் இயக்கிய முதல் படமாகவும் அது ஆயிற்று. அதில் நாகேஷ் ஏற்ற சேது, எல்லோரையும் சிரிக்க வைக்கும் நோயாளி. அவனுக்கு வந்திருப்பது உயிர்கொல்லி நோய் என்பது நமக்குத் தெரிகிறது. அவன் அறியாமல் விளையாடிக்கொண்டிருக்கிறான். அவனுடைய நகைச்சுவை ஒவ்வொன்றுக்கும் சிரித்துவிட்டு உடனே சிரித்ததற்காக வருந்துகிறோம். கத்தியில்லை, துப்பறிவாளர் இல்லை, பூட்டிய அறை இல்லை. தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவு மட்டும் இருக்கிறது. அந்தப் பிரிவைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால், கட்டிலும் மருந்து மேசையுமே அச்சத்தை உண்டாக்கப் போதுமானவை.

இங்கேதான் அமெச்சூரின் நிலைமையைக் கவனிக்க வேண்டும். நடிக்க வருபவர்கள் வேலை முடிந்து வருபவர்கள். ஒத்திகை ஆறு மணிக்கு மேல்தான். சபா ஒரு மாலைக்கு அரங்கத்தைத் தருகிறது. மதியம் செட் போட்டு இரவே கழற்றிவிட வேண்டும். ஐந்து இடங்களில் நடக்கும் கதையையோ முப்பது பாத்திரங்களையோ இதற்குள் அடக்க முடியாது. ஓர் அறை, ஐந்தாறு பேர், ஓரிரவு என்று எழுதியாக வேண்டும். சமூக வரலாற்றையோ மூன்று தலைமுறைக் கதையையோ எழுத விரும்புகிறவருக்கு இது விலங்கு. திகில் எழுதுகிறவருக்கோ இதுவே வேண்டியது. வெளியேற முடியாத இடமும் குறைந்துகொண்டே வரும் நேரமும் இல்லாமல் அச்சம் திரண்டு நிற்பதில்லை. 'ரோப்' ஒரே அறையில் ஒரே மாலையில் முடிகிறது. ஃபிரெடரிக் நாட் எழுதிய 'டயல் எம் ஃபார் மர்டர்' ஒரு வரவேற்பறையை விட்டு நகர்வதில்லை. கையில் காசு புரண்டவர்களும் இந்தக் குறுக்கத்தைத் தேடிப் போனார்கள். நம் குழுக்களுக்கு அது தானாகவே கிடைத்திருக்கிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முடிவு தெரிந்துவிட்டால் திகில் நாடகம் செத்துவிடும், ஒரு முறைக்கு மேல் அதற்கு ஆயுள் இல்லை என்பது முதல் மறுப்பு. அகதா கிறிஸ்டியின் 'த மவுஸ்டிராப்' இதற்கு ஆதரவாகவே தோன்றும். 1952 நவம்பர் 25 அன்று லண்டனில் தொடங்கிய அந்த நாடகம், 2020-ல் பெருந்தொற்று அரங்குகளை மூடும்வரை தொடர்ந்து ஓடியது. மறு ஆண்டு திரும்பவும் தொடங்கியது. கொலையாளியை வெளியே சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு முறை நாடகம் முடியும்போதும் பார்வையாளரிடம் கேட்டுக்கொள்கிறார்கள். மறைப்பை நம்பிய நாடகத்துக்கு அந்த வேண்டுகோள் தேவைப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் கைத்திறனையும் மதிக்கிறேன். ஆனால் இந்த மறுப்பு புதிர் நாடகத்துக்குத்தான் பொருந்தும். புதிர் வேறு, திகில் வேறு. புதிரில் நாம் ஆசிரியரோடு போட்டியிடுகிறோம். திகிலில் பாத்திரத்துக்காகத் துடிக்கிறோம். மேஜரின் கதையை இரண்டாம் முறை பார்க்கிறவர் முதல் காட்சியிலிருந்தே கலங்குகிறார். முதல் முறையைவிட அவருக்கு அதிகம் தெரிகிறது, ஆகவே அதிகம் வலிக்கிறது. புதிய எழுத்தாளர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதையே: உங்கள் கடைசிப் பக்கத்தை யாராவது கசியவிட்டால் நாடகம் குலைந்துவிடுமென்று அஞ்சினால், முந்தைய பக்கங்களைத் திரும்ப எழுதுங்கள்.

திகிலைத் திரைப்படம் இன்னும் நன்றாகச் செய்கிறதே, மேடையில் எதற்கு என்பது அடுத்தது. இதற்குப் பதில் அந்தப் பாரிஸ் நூலகரிடம் இருக்கிறது. சார்ல் ஃபொலே என்பவருடன் சேர்ந்து த லோர்த் 1901-ல் 'தொலைபேசியில்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாடகம் எழுதினார். ஊருக்கு வெளியே தனித்த வீட்டில் மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டுக் கணவன் வெளியூர் போகிறான். நண்பர்களின் வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைக்கிறான். யாரோ வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்று மனைவி சொல்கிறாள். பிறகு நடப்பதெல்லாம் அவன் காதில் மட்டும் நடக்கிறது. மேடையில் நாம் காண்பது கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதனின் முகம்; அவ்வளவுதான். இதே கருவை வைத்து அமெரிக்காவில் இயக்குநர் கிரிஃபித் 1909-ல் 'த லோன்லி வில்லா' என்ற குறும்படம் எடுத்தார். சினிமாவுக்கு இரண்டு இடங்களுக்கும் மாறி மாறிப் போக முடியும், போயிற்று. கணவன் வண்டியில் விரைகிறான், திருடர்கள் கதவை உடைக்கிறார்கள், கடைசி நொடியில் குடும்பம் காப்பாற்றப்படுகிறது. திரைப்பட வெட்டுமுறையின் வரலாற்றில் அந்தப் படத்துக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் பயம் எங்கே அதிகம்? கேமரா அந்த வீட்டுக்குள் நம்மை அழைத்துச் சென்றதும் நாம் பார்த்துவிடுகிறோம்; பார்த்தது எவ்வளவு கொடியதாக இருந்தாலும் அதற்கு ஓர் அளவு வந்துவிடுகிறது. மேடை அங்கே போக முடியாது. அந்த இயலாமையால் கணவனும் நாமும் ஒரே இடத்தில், ஒரே கையாலாகாமையில் கட்டுண்டு நிற்கிறோம். நாட் 1966-ல் மேடைக்குத் தந்த 'வெய்ட் அன்டில் டார்க்' நாடகத்தில் பார்வையற்ற பெண், தன்னைக் கொல்ல வந்தவனைச் சமாளிக்க வீட்டின் விளக்குகளை அணைத்துவிடுகிறாள். அரங்கமே இருளில் மூழ்குகிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் சிறு விளக்கு எரியும் என்பதை அவள் மறந்துவிட்டாள். அந்த இருட்டு, திரையில் பார்க்கும் இருட்டல்ல. பார்வையாளரின் மடியிலும் தோளிலும் வந்து உட்காரும் இருட்டு. பக்கத்து நாற்காலிக்காரரின் மூச்சு கேட்கிறது. சென்னையின் மேடையில் பார்வையற்ற மேஜரும் நியூயார்க்கின் மேடையில் பார்வையற்ற அந்தப் பெண்ணும் சில ஆண்டு இடைவெளியில் தோன்றியது தற்செயல்தான். ஆனாலும் பார்க்க முடியாதவரை நடுவில் வைத்துப் பார்க்கிறவர்களைச் சோதிப்பது மேடைக்கே உரிய கணக்கு என்பதை இருவருமே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது மறுப்பு நம் பண்பாட்டிலிருந்து எழுவது: மேடையில் அமங்கலம் வேண்டாம், குடும்பத்தோடு வருகிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நாட்டிய சாஸ்திர மரபு மேடையில் மரணத்தைக் காட்டுவதை விலக்கியது உண்மை. ஆனால் அச்சச் சுவையாகிய பயானகம் எட்டு ரசங்களில் ஒன்றாக அதே நூலில் இருக்கிறது. வடமொழி நாடகாசிரியர் பாசனின் பெயரால் வழங்கும் 'ஊருபங்கம்' தொடை முறிந்த துரியோதனனை மேடையிலேயே சாகவிடுகிறது. மரபு ஒரே குரலில் பேசவில்லை. 1970களுக்குப் பிறகு நம் சபா மேடைகளில் நகைச்சுவை ஓங்கியதும் உண்மைதான். அந்த நாடகங்கள் தந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவற்றின் இயந்திரத்தைத் திறந்து பாருங்கள். மாறுவேடத்தில் இருப்பவன் யார் என்று நமக்குத் தெரியும், மாமனாருக்குத் தெரியாது, சிரிக்கிறோம். அலமாரிக்குள் இருப்பவன் யார் என்று நமக்குத் தெரியும், கதவைத் திறக்கப்போகிறவருக்குத் தெரியாது, அஞ்சுகிறோம். சிரிப்பும் திகிலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கிராண்ட் கின்யோலில் ஒரே மாலையில் ஒரு பயங்கர நாடகம், ஒரு கேலி நாடகம் என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். இருளை எழுத விரும்புகிறவர் மனநலம் குன்றியவர் என்று எண்ணுவோருக்கு இன்னொரு செய்தி: த லோர்த்துடன் சேர்ந்து பல நாடகங்களை எழுதியவர் ஆல்ஃபிரட் பினே. அறிவுத்திறனை அளக்கும் சோதனையை 1905-ல் வகுத்த அதே உளவியலாளர்தான். மனித மனத்தை அளந்து பார்க்க முனைந்த ஒருவர், அச்சத்தை மேடையேற்றுவதையும் தன் வேலையின் ஒரு பகுதியாகக் கருதியிருக்கிறார்.

கடைசி மறுப்பு எனக்கு மிக வலுவாகப் படுகிறது. ஆர்வம் இருக்கலாம், ஆனால் இவ்வளவு நுட்பமான கட்டுமானம் அமெச்சூருக்குக் கைவருமா? கைவராத நாடகங்கள் ஏராளம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இடிச்சத்தம், திடீர் அலறல், முகமூடி இவற்றை நம்பி எழுதப்பட்டவை பத்து நிமிடத்தில் சலித்துவிடுகின்றன. ஆனால் இந்தக் கட்டுமானத்துக்கு வேண்டியது முதலாவதாகப் பணமல்ல, பொறுமை. 'டயல் எம் ஃபார் மர்டர்' பிரதியை லண்டன் தயாரிப்பாளர்கள் பலர் திருப்பி அனுப்பினார்கள். 1952-ல் பிபிசி தொலைக்காட்சி அதை ஒளிபரப்பிய பிறகே மேடைக்கு வந்தது. அந்த நாடகம் முழுவதும் ஒரு சாவியில் தொங்குகிறது. மனைவியைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்யும் கணவன், அவன் உள்ளே வருவதற்காக வீட்டுச் சாவியை மாடிப்படிக் கம்பளத்தின் அடியில் வைக்கிறான். கொலை தவறி, வந்தவனே இறந்துபோகிறான். இறந்தவனின் பையில் இருந்த சாவியை எடுத்துக் கணவன் மனைவியின் கைப்பையில் போடுகிறான். ஆனால் வந்தவன் கதவைத் திறந்ததுமே வீட்டுச் சாவியைக் கம்பளத்தடியில் திரும்ப வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்திருந்தான். பையில் இருந்தது அவனுடைய சொந்த வீட்டுச் சாவி. கடைசிக் காட்சியில் கணவன் தன் வீட்டு வாசலில் நிற்கிறான். அவன் கம்பளத்தின் அடியில் கை விடுவானா மாட்டானா என்று உள்ளே இருப்பவர்களோடு அரங்கமே மூச்சடக்கிக் காத்திருக்கிறது. இதற்கு ஆன செலவு ஒரு சாவி. அது எந்த நிமிடத்தில் எவர் கையில் இருந்தது என்று பேரேடு எழுதுவதுபோல எழுதிப் பார்க்கும் பொறுமையைக் கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறவரிடம் எதிர்பார்க்கலாம். பிழை வந்தால் ஒத்திகையில் தெரிந்துவிடும். திருத்தி மறுபடி ஆடலாம். வாரக்கணக்கில் ஒன்றாக ஒத்திகை பார்க்கும் நண்பர் குழுவுக்கு அந்த வாய்ப்பு அதிகம்.

கிராண்ட் கின்யோல் 1962-ல் மூடப்பட்டது. சப்தால் தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில், முந்நூறுக்கும் குறைவான இருக்கைகளோடு அறுபத்தைந்து ஆண்டுகள் நடந்த அரங்கு அது. உலகப் போரின் வதைமுகாம்களைப் பற்றி அறிந்துவிட்ட மக்களுக்கு மேடையில் ஊற்றும் சாயநீர் என்ன பயத்தைத் தரும் என்று அதன் முடிவுக்குக் காரணம் சொல்லப்படுகிறது. அதை நான் ஏற்கிறேன். கண்ணைத் தோண்டுவதும் கழுத்தை அறுப்பதுமாக ரத்தத்தை நம்பிய நாடகங்கள் அந்த அரங்கோடு போய்விட்டன. ஆனால் அதே நூலகர் எழுதிய தொலைபேசி நாடகத்தில் ஒரு சொட்டு ரத்தமும் மேடைக்கு வருவதில்லை. அது எந்த ஊரிலும், எந்த அலுவலக மனமகிழ் மன்றத்தின் மேடையிலும் இன்றைக்கும் ஆடக்கூடியது. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, நடிக்கத் தெரிந்த ஒருவர் போதும். மறுமுனையில் என்ன நடக்கிறது என்று எழுத வேண்டியதில்லை. அவர் கேட்கிறார், பேச முயல்கிறார், ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், பதில் வரவில்லை, கருவியைக் கீழே வைக்காமல் நிற்கிறார். அறையில் இருக்கும் நண்பர்கள் அவர் முகத்தைப் பார்த்து எழுந்திருக்கிறார்கள்.